விளாவாத வெந்நீர்

பத்து நாளாக அடைக்கலமேரி மருமகளிடம் வாய் திறக்கவில்லை. செக்காலைத் தெருவில் அதுவே பெரிய செய்தி. பக்கத்து வீட்டுச் செந்தாமரை சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னத்தா வின்சி, உங்க அத்தைக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டே விட்டாள்.

மேலுக்கெல்லாம் ஒரு குறையும் இல்லை. மனசுக்குத்தான் முடியவில்லை. வானொலி நிலையத்தில் பகுதி நேர அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வு, மதுரைக்கு வரவும் என்று வின்சிக்குக் கடிதம் வந்ததே, அன்றைக்குத் தொடங்கிய கோபம் அது. "வீட்டுப் பொம்பள ஊரே கேக்குறாப்புல பேசணுமாக்கும்?" என்று அடைக்கலமேரி கேட்டார். டெலிபோன் லைன்மேன் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த மகன் ஜான் பீட்டர், "போயிட்டுத்தான் வரட்டுமேம்மா" என்று சொல்லிவிட்டான். போச்சு. அன்றிலிருந்து அந்த வீட்டில் சமையல் நடந்தது, செபமாலை நடந்தது, பேச்சு மட்டும் நடக்கவில்லை.

வின்சிக்கு அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று முகத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. மூக்கு.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் வாசகம் வாசித்தால் கடைசி வரிசையில் கண் அசருகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படிப்பட்ட குரல், கார்த்திகை மழையில் ஒருநாள் தொப்பலாக நனைந்ததிலிருந்து மூக்கடைப்பில் மாட்டிக்கொண்டது. 'மாலை வணக்கம்' என்றால் 'பாலை வடக்கம்' என்று வந்தது. இந்தக் குரலோடு மைக் முன்னால் உட்கார்ந்தால், 'வணக்கம்' முடிவதற்குள் 'போய் வாருங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள். தேர்வுக்கு மறு வாய்ப்பு கிடையாது என்று கடிதத்திலேயே அச்சடித்திருந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் நாச்சியம்மை மருந்து எழுதித் தந்தார். அதோடு தினம் ஒரு தடவை உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவவும் சொல்லிக் கொடுத்தார். மூக்கு வைத்த சின்ன எவர்சில்வர் கெண்டி போதும். அரை லிட்டர் தண்ணீர், அயோடின் சேர்க்காத சுத்தமான தூள் உப்பு ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா.

"தண்ணி தளதளன்னு அஞ்சு நிமிஷம் கொதிக்கணும். மூடி வச்சு ஆற விடணும். காய்ச்சாத தண்ணி ஒரு சொட்டு மூக்குக்குள்ள போகக் கூடாது" என்றார் டாக்டர்.

"சம்பை ஊத்துத் தண்ணியக்கூடவா டாக்டர்?" என்று வின்சி கேட்டாள். காரைக்குடியில் வாக்கப்பட்டவள் வேறு என்ன கேட்பாள்? இந்த ஊர்க்காரர்களிடம் வீட்டைக் குறை சொல்லலாம், நகையைக் குறை சொல்லலாம், ஊருக்கே குடிநீர் தரும் சம்பைத் தண்ணீரை ஒரு சொல் சொல்லிவிட்டு ஊர் எல்லையைத் தாண்ட முடியாது.

டாக்டர் சிரித்துவிட்டார். "நானும் இந்த ஊருதான், நானும் அதைத்தான் குடிக்கிறேன். குடிக்கிற தண்ணி வயித்துக்குப் போகுது. அங்க அமிலம் இருக்கு, எது வந்தாலும் ஒரு கை பாத்துடும். மூக்குல அந்தக் காவல் கிடையாது. அதுக்கு மேல மூளை குடியிருக்கு. எந்த ஊருத் தண்ணியா இருந்தாலும் மூக்குக்குக் காய்ச்சித்தான் ஆகணும்."

வின்சி ஒன்பது நாள் இம்மி பிசகாமல் செய்தாள். அடைப்பு பெருமளவு விட்டிருந்தது. காலையில் எழுந்தவுடன் மட்டும் அடைத்துக்கொள்ளும், கழுவினால் திறக்கும்.

இன்று பத்தாம் நாள். வியாழக்கிழமை. பதினொரு மணிக்குக் குரல் தேர்வு.

தினமும் முந்தின இரவே காய்ச்சி மூடி வைத்துவிடுவாள். நேற்று பார்த்துச் சிலிண்டர் தீர்ந்து தொலைத்தது. காலையில் ஜான் பீட்டர் புதுச் சிலிண்டரை உருட்டி வந்து மாட்டியபோது மணி ஐந்தே முக்கால். அவள் உப்பும் சோடாவும் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க விட்டு, இறக்கி, மூடி, அடுப்படி மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தால், மேடையில் கெண்டி தயாராக இருந்தது. யார் ஊற்றி வைத்தது என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. பீட்டர் வாசலில் நின்று, "ஏழு மணி பஸ்ஸு, ஏழு மணி பஸ்ஸு" என்று ஜெபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு. கச்சிதம். அதற்குள் எப்படி ஆறியது என்று ஒரு சின்ன ஆச்சரியம்.

பின்கட்டில் பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, கெண்டியை மூக்கருகே கொண்டு போனாள்.

"சூடு பதமா இருக்கா?"

பத்து நாளில் முதல் பேச்சு. வின்சி திரும்பிப் பார்த்தாள். அடைக்கலமேரி முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றார். முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் வெட்கம்கூட இருந்தது.

"தொட்டுப் பாத்தேன், கை வெந்துபோகும் போல இருந்துச்சு. பஸ்ஸுக்கு வேற நேரமாச்சு. அதான் நம்ம குடத்துச் சம்பைத் தண்ணிய ஊத்தி நானே பதமா விளாவி வச்சேன்."

விளாவிவிட்டார்!

யாரைக் குறை சொல்வது? வெந்நீர் என்று ஒன்று இருந்தால் நம் வீடுகளில் அதை விளாவத்தான் செய்வோம். பச்சைப் பிள்ளையின் முதல் குளியலிலிருந்து அது நம் கையில் ஊறின பழக்கம். கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தால் கை தானாகச் செம்பைத் தேடும். அடைக்கலமேரியின் கையும் அதைத்தான் செய்தது, அதுவும் பத்து நாள் வீம்பை விட்டுக்கொடுத்து, ஆசையாகச் செய்தது.

வின்சிக்குத் திக்கென்றது. எந்த நாளில் வந்து அன்பு காட்டுகிறார் பாருங்கள்! கெண்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொட்டிவிட்டு வந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் மூக்கு அடைத்தபடிதான் இருக்கும். நாளைக்கும் அத்தை ஆசையாக விளாவி வைப்பார். எத்தனை நாள் கதவைச் சாத்துவது?

"அத்தை, கோவிச்சுக்காதீக. காய்ச்சாத தண்ணி கலந்துட்டா அதை மூக்குல விடக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கெண்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

அடைக்கலமேரியின் முகம் அப்படியே மாறிப்போனது.

"என்னப் பெத்த அய்யா ஊத்துன தண்ணிடி இது" என்றார். "முப்பது வருஷம் மாட்டு வண்டியில பீப்பாயி வச்சு, சம்பையில இருந்து வீடு வீடாக் கொண்டாந்து ஊத்துனாரு. சாலமன் வண்டின்னா பெரிய வீட்டு ஆச்சிமாரே கதவத் தொறந்து வச்சுக்கிட்டு நிப்பாக. வேற வண்டித் தண்ணிய வாங்க மாட்டாக. உனக்கு அது சாக்கடைத் தண்ணியாப் போச்சா?"

"அப்படிச் சொல்வேனா அத்தை? குடிக்க அது தேவாமிர்தம். நானே தினம் நாலு செம்பு குடிக்கிறேன். மோரு நல்லதுதானே, அதுக்காகக் கண்ணுல ஊத்திக்கிறோமா? வயித்துக்கு ஒரு நியாயம், மூக்குக்கு ஒரு நியாயம்."

சத்தம் கேட்டு ஓடிவந்த பீட்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த சமாதானம் ஒன்றுதான். "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிராது வின்சி. இல்லாட்டி கழுவாமலேயே கிளம்பு. வா."

"கழுவாமப் போனா அங்க போயி என்னத்தப் பேசுறது? ஒரு நாள்னு பாத்து இந்தத் தண்ணிய விட்டு எதாச்சும் ஆனா, வேலை கிடைச்சு என்ன பிரயோசனம்? மாட்டேன்."

கெண்டியையும் பாத்திரத்தையும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். புதுத் தண்ணீர் ஊற்றினாள். உப்பு, சோடா. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். அடைக்கலமேரி விடுவிடுவென்று கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் வின்சிக்குக் கண் கலங்கியது. சொன்னது சரி என்று தெரியும். சரியானதைச் சொன்னாலும் சுடத்தான் செய்கிறது. பத்து நாள் கழித்துத் திறந்த வாயை நானே அடைத்துவிட்டேனே என்று மருகினாள்.

"இனி ஏழு மணி பஸ்ஸப் பிடிக்க முடியாது" என்றான் பீட்டர்.

"ஏழே முக்காலுக்கு ஒண்ணு இருக்குல்ல?"

"அது திருப்பத்தூர்லயும் மேலூர்லயும் நின்னு, டீ குடிச்சு, ஊர்க்கதை பேசித்தான் மதுரைக்குப் போகும்."

"போகட்டும். அதுலயே போறேன்."

ஐந்து நிமிடம் கொதித்தது. இறக்கி மூடினாள். மணி ஆறு ஐம்பது. ஏழு இருபத்தைந்துக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்குள் இது எங்கே ஆறும்? விசிறியை எடுத்துப் பாத்திரத்துக்கு விசிறினாள். எவர்சில்வர் மூடி இவளைப் பார்த்து ஆவி விட்டது.

கொல்லைக் கதவு திறந்தது. அடைக்கலமேரி இடுப்பில் வாயகன்ற பித்தளைப் பாத்திரத்தோடு வந்தார். நிறையக் கொல்லைக் குழாயில் வருகிற சம்பைத் தண்ணீர். அதைத் தரையில் வைத்துவிட்டு, துணியைச் சுற்றி வெந்நீர்ப் பாத்திரத்தை மூடியோடு தூக்கி, அலுங்காமல் அதன் நடுவில் இறக்கினார். தண்ணீர் பாதி உயரத்துக்கு வந்து நின்றது.

"உள்ள கலக்கக் கூடாது. அம்புட்டுத்தானே?" என்றார் மருமகளைப் பார்க்காமல். "வெளிய நின்னு ஆத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகளா?"

வின்சி விசிறியைக் கீழே வைத்தாள். "சொல்லலத்தை" என்றாள்.

"பெறகென்ன? கைப்பிள்ளையா இருந்தப்ப இவனுக்குப் பால இப்படித்தான் ஆத்துவேன். பொறுமையே கிடையாது, தெரு முனை வரைக்கும் கேக்கும் இவன் கத்துறது." பீட்டர் வாசல் பக்கம் நழுவினான். "மூடியத் தொறந்து தொறந்து பாக்காத. ஒரு சொட்டுத் தெறிச்சாலும் மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

இரண்டு முறை வெளித் தண்ணீரை மாற்றினார். மூன்றாவது முறை ஊற்றும்போது அவருக்கே தெரியாமல் ஒரு கர்வம் குரலில் ஏறிக்கொண்டது. "எங்கய்யா தண்ணி உள்ள போகாட்டிப் போகுது. வெளிய நின்னு காவக் காக்கட்டும்."

ஏழு பத்துக்கு வின்சி கெண்டியில் ஊற்றி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு. இந்தத் தடவை ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

குனிந்து, தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல்பக்கத் துவாரத்தில் கெண்டியின் மூக்கை வைத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்ல உள்ளே இறங்கி, மறுபக்கத் துவாரத்தின் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்து, கொஞ்ச நேரத்தில் ஒழுங்காக ஓடியது. பக்கத்தில் நின்று கண் கொட்டாமல் பார்த்த அடைக்கலமேரி, "சேசுவே! இங்குட்டு ஊத்துனா அங்குட்டு வருது!" என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுபக்கமும் அதே மாதிரி. முடிந்ததும் ஒவ்வொரு பக்கமாக, வலிக்காமல், மெதுவாகச் சிந்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நேரம், காலை ஏழு மணி பதினெட்டு நிமிடம்."

கணீரென்று வந்தது. அடுப்படிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செந்தாமரை, "யாரு வீட்லத்தா ரேடியோ?" என்றாள்.

அடைக்கலமேரி மருமகளை ஒரு நிமிடம் பார்த்தார். இதே குரலை ஞாயிறு தவறாமல் கேட்டவர்தான். அது தன் வீட்டுச் சொத்து என்று அன்றுவரை தோன்றவில்லை, இப்போது தோன்றியது. நேராக அறைக்குள் போனார். கோயில் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"நானும் வாரேன். தனியாப் போனியன்னா, வெயிலா இருக்குன்னு எவனாச்சும் ஐஸ் போட்ட சர்பத்த நீட்டுவான். நீயும் மரியாதைக்கு வாங்கிக் குடிப்ப. கூட ஆளிருக்கணும்."

பஸ் திருப்பத்தூரில் நின்றது, மேலூரில் நின்றது, பீட்டர் சொன்ன மாதிரியே டீயும் குடித்தது. ஆனாலும் பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இருவரும் வானொலி நிலைய வாசலில் இறங்கினார்கள். வின்சி உள்ளே போனாள். அடைக்கலமேரி மரத்தடி பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பக்கத்தில் ஒரு பெண், மகளைக் கூட்டி வந்தவள் போல, "உங்க மகளா உள்ள போனது?" என்று கேட்டாள்.

"மருமக" என்றார் அடைக்கலமேரி. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? "பி.ஏ. படிச்சவ. எங்க கோயில்ல அவ வாசிச்சா ஈ பறக்குற சத்தம் கேக்கும். மூணு வாரமா மூக்கடைப்பு. டாக்டர் சொன்ன மாதிரி காய்ச்சின தண்ணியிலதான் கழுவுறா. நான் விளாவி வச்சதையே கொட்டிட்டாள்னா பாருங்க! மாமியார்னு பாக்கல, பஸ்ஸப் பாக்கல. அம்புட்டுக் கண்டிப்பு." காலையில் கோபம் வந்த அதே விஷயம், பதினொன்றரை மணிக்கு அவருக்குப் பெருமையாகிவிட்டது.

ஒரு மணிக்கு வின்சி வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பும் கவலையும் சம பங்காக இருந்தன. பஸ் ஏறி உட்கார்ந்து, மேலூர் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"செய்தி வாசிக்கச் சொன்னாக. தடங்கல் இல்லாம வாசிச்சேன். அப்புறம் உங்க ஊரப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசுங்கன்னாக. எல்லாரும் பெரிய பெரிய வீடுகளப் பத்தித்தான் சொல்வாகன்னு நினைச்சேன். நான் சம்பை ஊத்தப் பத்திச் சொன்னேன். சாலமன்னு ஒருத்தரு முப்பது வருஷம் வண்டியில தண்ணி கொண்டாந்து ஊத்துனதச் சொன்னேன்."

அடைக்கலமேரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேரச் சொன்னியா?"

"பேரச் சொன்னேன்."

"மைக்குலயா?"

"மைக்குலதான் அத்தை."

அதற்கப்புறம் வெகு நேரம் அவர் சன்னலை விட்டுத் திரும்பவில்லை. முந்தானை மட்டும் இரண்டு தரம் கண்ணுக்குப் போய் வந்தது.

"முடிவு தபால்ல வரும். ஆனா அந்த அதிகாரியம்மா தனியாக் கூப்பிட்டு, குரல் சுத்தமா இருக்குன்னு சொன்னாக" என்றாள் வின்சி. "ஒரு சிக்கலு. மாசம் ஆறு நாளு காலை ஒலிபரப்பாம். விடிய அஞ்சு மணிக்கே நிலையத்துல இருக்கணும். அதனால முந்தின நாளே மதுரைக்கு வந்து தங்கணும். வீட்ல சம்மதம்னு திங்கட்கிழமைக்குள்ள கடிதாசி போடணுமாம்."

அடைக்கலமேரி கைப்பையைத் திறந்து சில்லறையை எண்ண ஆரம்பித்தார். திருப்பத்தூர் வந்தது, போனது. வின்சி கேட்கவும் இல்லை. காலையில் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று இருந்தாள்.

காரைக்குடி பஸ் நிலையத்தில் பீட்டர் மொபெட்டோடு நின்றிருந்தான். "என்னாச்சு?" என்றான், பல்லெல்லாம் தெரிய.

"நல்லாப் பேசியிருக்கா. கிடைச்ச மாதிரித்தான்" என்றார் அடைக்கலமேரி. "மாசம் ஆறு நாளு மதுரையில தங்கணுமாம். தங்கட்டும்."

வின்சி சட்டென்று மாமியாரைப் பார்த்தாள். பீட்டரின் பல் உள்ளே போய்விட்டது.

"தங்கணுமா? ஆறு நாளா? அதெல்லாம் யாரு முடிவு பண்ணது?"

"நான்தான்."

"இது நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல உக்காந்து முடிவு பண்ற சமாச்சாரம் இல்லம்மா. அவ என் பொண்டாட்டி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"என்னங்க, நான்..." என்று வின்சி ஆரம்பிப்பதற்குள் அவன் மொபெட்டை மிதித்துக் கிளப்பிவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. கல்லுக்கட்டிப் பக்கம் வளைந்து மறைந்தான்.

அடைக்கலமேரி வின்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகட்டும். நான் பத்து நாளு பேசாம இருந்தேன்ல? அவன் எத்தனை நாளு இருக்கான்னு பாப்போம்" என்றவர், எதிரே நின்ற ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டார். மருமகளை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். பஸ் நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி உரத்த குரலில் சொன்னார்:

"செக்காலைக்குப் போகணும் தம்பி. பள்ளம் மேடு பாத்து ஓட்டு. உள்ள இருக்குறது ரேடியோவுல பேசப் போற பிள்ளை."